இந்தப் பக்கம் நிண்டு சொல்லுங்கோ

அம்மா மெதுவாகக் கிள்ளினால் நான் இடது பக்கம் திரும்பிச் சிரிக்க வேண்டும். அழுத்திக் கிள்ளினால் யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், உடனே ஒரு பதில் சொல்ல வேண்டும். என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் என்ன பதிலைச் சொல்வது? “ஓம் எண்டு சொல்லு. எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லு” என்றார் அம்மா. உடையார்கட்டில் பஸ் ஏறியதிலிருந்து கிளிநொச்சியில் இறங்கும்வரை இதே பாடம்தான். பரந்தன் சந்தி வரும்போது என் கை கன்றிப்போயிருந்தது.

என் இடது காது கேட்காது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாத்தளனில் எங்கள் பங்கருக்குப் பக்கத்தில் விழுந்து வெடித்த செல்லோடு போனது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. போனது போனதுதான், அதற்காக நான் மூலையில் குந்தியிருந்து அழுதவள் இல்லை. வலது காது பாம்புக் காது. நான் படிப்பிக்கிற முன்பள்ளியில், பின்வரிசைக் குழப்படிக்காரன் பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கட்டைத் திறக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்கும். ஊர் முழுக்க இந்தக் காது விசயம் தெரியும். ஆனால் மாப்பிள்ளை வீடு என்று ஒன்று வந்துவிட்டால் மட்டும், அம்மாவுக்கு அது அலுமாரிக்குள் வைத்துப் பூட்ட வேண்டிய சாமான்.

போன வருடம் அப்படிப் பூட்டி வைத்துத்தான் ஒரு கலியாணப் பேச்சுக்கால் பதிவு எழுத்துக்கு நாள் வைக்கிறவரைக்கும் போய்க் குழம்பியது. மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் இடது பக்கக் கதிரையில் இருந்துகொண்டு ஏதோ கேட்டார். பிறகும் கேட்டார். அம்மா குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார், கிள்ள ஆளில்லை. நான் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமை அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் சந்தையில் வைத்து அப்பாவை மறித்து, “குறையை மறைச்சுத் தள்ளிவிடப் பாத்தனீங்களே?” என்று கேட்டிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். குறை என்றது என்னைச் சுடவில்லை. தள்ளிவிடப் பார்த்தது என்ற சொல்தான் சுட்டது. நான் என்ன பழைய சைக்கிளா, பெயின்ற் அடித்துத் தள்ளிவிட?

அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன்: “இனி ஆர் வந்தாலும், அவை ஓம் எண்டு சொல்ல முதல் நானே காதைப் பற்றிச் சொல்லுவன்.”

“கலியாணம் முடிஞ்சால் காதென்ன மூக்கென்ன” என்றார் அம்மா. “முதல் முடியட்டும்.”

இந்தமுறை வந்தது வவுனியா பூவரசங்குளத்துச் சம்பந்தம். பெயர் தயாபரன். உழவு இயந்திரம் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். சாதகம் பொருந்திவிட்டது, அடுத்தது பொம்பிளை பார்க்கிற படலம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு முன் பொது இடத்தில் ஒரு கள்ளப் பார்வை உண்டு. வழக்கமாகக் கோயிலில்தான். பெண் அர்ச்சனைத் தட்டோடு நிற்பாள், பையன் தூணுக்குப் பின்னால் நிற்பான். பிடித்தால் பேச்சுத் தொடரும். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஒருவருக்கும் வெட்கமில்லை. எனக்கு அது கோயிலில் நடந்து நடந்து, “இண்டைக்கும் ஆரும் வருகினமோ பிள்ளை?” என்று ஐயரே கேட்கத் தொடங்கிவிட்டார். ஆகவே இந்தமுறை வந்த வவுனியாத் தரகர் ஐயாத்துரை இடத்தை மாற்றினார். கிளிநொச்சி நகரத்தில் கோடைக் கலைத் திருவிழாவாம். திறந்த வெளியிலாம். அந்தச் சனத்துக்குள் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று எவருக்கும் விளங்காதாம்.

என் அடையாளத்தை அம்மா சொல்லியனுப்பினார்: மாம்பழ நிறச் சாறி, பச்சைக் கரை. அவருடைய அடையாளம் என்ன என்று நான் கேட்டேன்.

“அவர் உன்னைப் பாக்க வாறார். நீ அவரைப் பாக்கவே போறாய்?”

“ஒரு படமாவது வாங்கித் தாங்கோவன்.”

“ஐயாத்துரை படம் குடுக்கமாட்டார். தன்ரை மாப்பிள்ளைமார் போனுக்குப் போன் பறக்கிற ஆக்கள் இல்லையாம்.”

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவர் எங்கோ நின்று என்னைப் பார்ப்பார். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ஓம் என்று சொல்லிவிடுவார். அவர் அதைச் சொல்வதற்கு முன் நான் அவரைக் கண்டுபிடித்து, ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், என் வாயால் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகம் தெரியாது, சட்டை நிறம் தெரியாது. பின்னேரம் கடைசி பஸ்ஸை விட்டால் வீடு போகவும் முடியாது.

ஆவணி வெயில் மண்டையைப் பிளந்தது. கண்டி வீதியோரத் திடலில் காற்று புழுதியை வாரி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. கம்புகளுக்கு நடுவில் கயிறு கட்டி ஓவியங்களைக் கொழுவியிருந்தார்கள். காற்றுக்கு அவை திரும்பித் திரும்பி முதுகைக் காட்டின. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், மட்டக்களப்புப் பிள்ளைகள், கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் என்று எல்லாரும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, படத்தைப் பிடிப்பதும் கல் வைப்பதுமாக ஓடித்திரிந்தார்கள். நடுவில் பழைய இரும்பை ஒட்டிச் செய்த ஒரு பெரிய யானை. அதன் வயிற்றுக்குக் கீழே நிழல் இருந்ததால் பாதிச் சனம் அங்கேதான் நின்றது.

அம்மா ஒரு ஓவியத்துக்கு முன்னால் நின்றார். முழுக் கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

“உதைக் கீறவே கொழும்பிலை இருந்து பஸ் பிடிச்சு வந்தவை? கண்டறியாத கலைவிழா.” சொல்லிக்கொண்டே என் சாறித் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். “நேரா நில். அங்கையிங்கை முழுசாதை.”

முழுசாமல் எப்படி? அங்கே நின்ற ஆண்கள் எல்லாரும் எனக்குத் தயாபரனாகத்தான் தெரிந்தார்கள். களிமண் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்ததும் அவர் மனைவி அவர் கையில் குழந்தையைத் திணித்தாள். சர்பத் விற்கிற வான் வண்டிக்குப் பக்கத்தில் நீலச் சட்டை ஒன்று நின்றது. நான் கிட்டப் போவதற்குள் அது மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டது. அதுதானோ? பார்த்துவிட்டுப் போய்விட்டாரோ? இந்நேரம் வீட்டுக்குப் போன் எடுத்து ஓம் சொல்லிவிட்டாரோ? ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. படங்களைப் பார்க்கிற சாட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன், அம்மா என் இடது கையை விடாமல் கூடவே இழுபட்டுக்கொண்டு வந்தார்.

“ஏனடி இப்பிடி அந்தரப்படுறாய்? மெல்ல நட. பாக்கிறவைக்குப் பாக்க நேரம் குடு.”

அந்த நேரத்தை அம்மாவே கண்டுபிடித்தார். வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளை ஆட்களை இருத்திப் படம் கீறிக்கொண்டிருந்தாள். சாரங்கா என்று அட்டையில் பெயர் எழுதியிருந்தது. அவளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதில் இருந்தால் கொஞ்ச நேரம் அசையக்கூடாது. அம்மாவின் கண் மின்னியது. மாப்பிள்ளை எங்கே நின்றாலும் ஆறுதலாகப் பார்த்து முடிக்கலாமே!

என்னைப் பிடித்து இருத்தினார். சாரங்கா பென்சிலை எடுத்ததும் அவளுக்குப் பின்னால் சனம் சேர்ந்தது. கடதாசியை ஒருக்காப் பார்ப்பார்கள், என்னை ஒருக்காப் பார்ப்பார்கள். மூக்கு வந்திட்டுது என்றாள் ஒருத்தி. கண் இன்னும் பெரிசு என்றான் ஒருவன். முன்பள்ளியில் பிள்ளைகள் பார்க்கிற பார்வை எனக்குப் பழக்கம், அது வேறு. இது எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. அந்தக் கூட்டத்துக்குள் அவர் நிற்கக்கூடும் என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்போதுதான் அந்த ஆளைக் கண்டேன். கட்டம் போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய தலைமயிர், முப்பத்தைந்து வயதிருக்கும். மற்ற எல்லாரும் கடதாசியையும் பார்த்தார்கள். அந்த ஆள் கடதாசியைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு திரும்ப என்னைப் பார்த்தார். கலையில் ஒரு துளி விருப்பமில்லாமல் கலைவிழாவுக்கு வந்திருந்த ஒரே ஆள். வேறு யாராக இருக்க முடியும்?

“தலையை நேரா கீறு பிள்ளை” என்று அம்மா சாரங்காவோடு தொடங்கிவிட்டார். “கழுத்து ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு.”

“அக்கா அப்பிடித்தானே அம்மா இருக்கிறா.”

“அவள் அப்பிடி இருக்கிறேல்லை.”

“வலது பக்கத்தைத்தான் முன்னுக்குக் கொண்டு வாறா. பாருங்கோவன்.”

“அதைத்தான் கீறாதை எண்டு சொல்லுறன்!”

கட்டம் போட்ட சட்டை நகரத் தொடங்கியது. அம்மாவின் இரண்டு கையும் சாரங்காவின் கடதாசியில் இருந்தன. நான் கதிரையை விட்டு எழும்பிச் சனத்துக்குள் புகுந்தேன். பின்னால் அம்மா கூப்பிட்டிருப்பார். இடது பக்கமாகக் கூப்பிட்டிருந்தால் அது என் பிழை இல்லை.

இரும்பு யானைக்குப் பின்னால், ஆட்கள் இல்லாத இடத்தில் அந்த ஆளைப் பிடித்தேன்.

“நீங்கள் என்னைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?”

ஆள் திடுக்கிட்டார். “இல்லை. சும்மா.”

“வெக்கப்படாதேங்கோ. நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியும்.”

“தெரியுமோ?” அக்கம்பக்கம் பார்த்தார்.

“ஓம். அம்மாவுக்கும் தெரியும். ஐயாத்துரை அண்ணைதானே உங்களை அனுப்பினவர்?”

“ஆர் ஐயாத்துரை?”

சரி, தெரியாத மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தேன். கள்ளப் பார்வையின் சட்டமே அதுதானே. எனக்கு நடிக்க நேரமில்லை. அம்மா எந்த நேரமும் வந்துவிடுவார். ஒரே மூச்சில் சொன்னேன்: “எனக்கு இடது காது கேக்காது. அம்மா உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டா. மறைச்சுக் கலியாணம் செய்ய எனக்கு விருப்பமில்லை. நீங்கள் முடிவெடுக்க முதல் சொல்லுறன். அவ்வளவுதான்.”

சொல்லி முடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை மாதமாக நெஞ்சுக்குள் கிடந்த சொல். இவ்வளவு லேசாக வெளியே வந்துவிட்டதே!

அந்த ஆள் தலையைச் சரித்துக்கொண்டு கேட்டார். “எப்பிடிப் போனது காது?”

“செல் விழுந்தது.”

“எந்த இடத்திலை?”

“மாத்தளன்.”

“உங்கடை பேர்?”

“வினோஜா. ஏன், சாதகத்திலை பாக்கேல்லையோ?”

“அப்பா பேர்?”

“கதிர்காமநாதன். வயல் செய்யிறார். இப்ப அறுவெட்டு நேரம், அதுதான் வரேல்லை.”

“சகோதரங்கள்?”

“ஒரு அண்ணா. பிரான்சிலை.”

“எப்ப போனவர்? எந்த வழியாலை போனவர்?”

மாப்பிள்ளை வீட்டாரும் இதையெல்லாம்தான் கேட்பார்கள். வெளிநாட்டு அண்ணா என்றால் இன்னும் கூடுதலாகவே கேட்பார்கள். நானும் பாடசாலைப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் குரல் மாறாமல் கேட்டார்:

“அண்ணா இயக்கத்திலை இருந்தவரோ?”

எந்த மாப்பிள்ளையும் எந்தப் பொம்பிளையிடமும் இப்படிக் கேட்கமாட்டான். அப்போதுதான் நான் ஆளை வடிவாகப் பார்த்தேன். அவ்வளவு புழுதிக்குள்ளும் சப்பாத்துப் பளபளத்தது. தமிழ் நல்ல தமிழ்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் பார்த்துப் பார்த்து வைத்த மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடினால், கதிரை அடுக்க முதலே வந்து நிற்கிற புலனாய்வு ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். அதில் ஒன்றைப் போய் நானாகவே கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பிடித்து, குடும்பச் சரித்திரம் முழுவதையும் ஒப்புவித்திருக்கிறேன். அட விசரி!

“இல்லை” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“உந்த ஐயாத்துரை எண்டவர் எந்த அமைப்பு?”

“கலியாண அமைப்பு” என்றேன். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அங்கிருந்து எப்படி வந்தேன் என்று தெரியாது. அண்ணாவின் பெயரைச் சொன்னேனா இல்லையா? சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் பெயரைச் சொன்னேன், ஊரையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அம்மாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார். அம்மாவைத் தேடினேன், வேப்பமரத்தடியில் காணவில்லை. திடலின் நடுவில் வீதி நாடகம் தொடங்கிவிட்டது. கறுப்புடுப்புப் போட்ட பெடியளும் பெட்டைகளும் வெறும் குடங்களோடு சுற்றிச் சுற்றி ஓட, ஒருவன் பறையை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தான். சனத்துக்குள் நின்றால் பாதுகாப்பு என்று நினைத்து அதற்குள் போய் நின்றேன். பறைச் சத்தத்தில் என் நல்ல காதும் அடைத்துப்போனது.

கொஞ்ச நேரத்தில் என் இடது பக்கத்தில் யாரோ வந்து நின்றது தெரிந்தது. கண்ணின் ஓரத்தில் ஒரு சட்டைக் கை மட்டும் தெரிந்தது. நகர்ந்தேன், அதுவும் நகர்ந்தது. கிட்டக் குனிவது போல இருந்தது. விடவில்லையே இந்த ஆள்! இன்னும் என்ன கேட்கப்போகிறார், அண்ணாவின் விலாசமா? பயம் போய் எனக்குச் சன்னதம் வந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்:

“நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு. இனி எனக்குப் பின்னாலை வராதேங்கோ. என்னை விடுங்கோ.”

சட்டைக் கை பின்வாங்கியது. பிறகு போய்விட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்படி ஒரு ஆளுக்கு இப்படி முகத்துக்கு நேரே, சரி, முகத்துக்கு நேரே இல்லாவிட்டாலும், சொல்லத் துணிவு வேண்டும்தானே.

அம்மா என்னைக் கண்டுபிடித்தபோது அவர் கையில் சுருட்டிய படம், காதில் போன், முகத்தில் இரத்தமே இல்லை. என்னைச் சனத்துக்கு வெளியே இழுத்தார். போனுக்குள் ஐயாத்துரை கத்தியது எனக்கும் கேட்டது.

“பொடியன் மரியாதையா ஒரு சொல்லுக் கதைப்பம் எண்டு கிட்டப் போனவன். என்னை விடுங்கோ, பின்னாலை வராதேங்கோ எண்டு கலைச்சிருக்கிறாள் உன்ரை மகள்! பொம்பிளைக்கு விருப்பமில்லையெண்டு அவன் சொல்லிப்போட்டான். முடிஞ்சுது கதை.”

அந்தச் சட்டைக் கை!

“ஐயோ, அவள் வேறை ஆரோ எண்டு நினைச்சிருப்பாள்” என்றார் அம்மா. “வெக்கத்திலை சொல்லியிருப்பாள்.”

“என்ன வெக்கம்? பக்கத்திலை நிண்டு நல்லாத்தான் கதைச்சவனாம்.”

“எந்தப் பக்கம் நிண்டவர்?” என்று கேட்டுவிட்டு அம்மா நாக்கைக் கடித்தார்.

“எந்தப் பக்கமெண்டால் என்ன? இதென்ன விசர்க் கேள்வி?”

நான் போனைப் பறித்தேன். “ஐயாத்துரை அண்ணை, எங்கை நிக்கிறியள்? அவரையும் நிக்கச் சொல்லுங்கோ. நான் வாறன்.”

“நில்லடி!” என்று அம்மா பின்னால் ஓடி வந்தார். “நான் சமாளிக்கிறன். வெக்கம் எண்டு சொல்லுவம். பயந்திட்டாள் எண்டு சொல்லுவம். வாயைத் திறக்காதை பிள்ளை, உன்னைக் கும்பிட்டன்.”

கும்பிட்டாலும் நிற்கிற நிலையில் நான் இல்லை. மறைத்ததற்காக ஒருமுறை கள்ளர் ஆனோம். இப்போது திமிர் பிடித்தவள் என்ற பெயரும் வரப்போகிறது. உண்மையைச் சொல்லிவிட்டு வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டாலும் பரவாயில்லை, பொய்யோடு வீட்டுக்குப் போகமாட்டேன் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

வாசலில் சர்பத் வானுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். ஐயாத்துரை குடையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். தயாபரன் மெல்லிய ஆள், வெளிர் பச்சைச் சட்டை. நகக் கண்களில் கழுவினாலும் போகாத எண்ணெய்க் கறுப்பு. முகம் நல்ல முகம். எனக்கு அதுவும் கோபத்தைக் கூட்டியது.

“நாடகத்துக்குள்ளை என்னோடை கதைச்சது நீங்களோ?”

“ஓம்.”

“நீங்கள் சொன்ன ஒரு சொல்லும் எனக்குக் கேக்கேல்லை. எனக்கு இடது காது கேக்காது. வேறை ஒரு ஆள் தொந்தரவு தாறார் எண்டு நினைச்சுத்தான் ஏசினனான்.” மூச்சு வாங்கினேன். “சண்டைக்குள்ளை செல்லாலை போனது. இதை முதலே சொல்லியிருக்க வேணும். இப்ப சொல்லுறன்.”

ஐயாத்துரைக்குச் சர்பத் புரைக்கேறியது. “பத்மாசனி! எனக்கும் மறைச்சுப்போட்டியே?” என்றார் அம்மாவைப் பார்த்து.

அம்மா தலையைக் குனிந்தார். நான் தயாபரனின் முகத்தைப் பார்த்தேன். கோபம் வரும், அல்லது பாவம் பார்க்கிற பார்வை வரும். இரண்டையும் எனக்குத் தெரியும், இரண்டுக்கும் தயாராக நின்றேன். வந்தது வேறு ஒன்று. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் போல அவர் மூச்சு விட்டார்.

“அப்ப இன்னும் நல்லது அண்ணை” என்றார் ஐயாத்துரையைப் பார்த்து. “வீட்டிலை அதையே சொல்லிவிடுவம். பொம்பிளைக்குக் காது கேக்காதாம், அதாலை சரிவரேல்லை எண்டு. அம்மாவும் பிறகு ஒண்டும் கேக்கமாட்டா.”

இன்னும் நல்லதாம்! என் காதில் இவருக்கு என்ன நல்லது? ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒன்று உறைத்தது. காது விசயம் தெரிய முதலே இந்த ஆள் வேண்டாம் என்று முடிவெடுத்துத்தான் வந்திருக்கிறார்.

“பொறுங்கோ. நாடகத்துக்குள்ளை என்னட்டை என்ன சொன்னனீங்கள்?”

“அது ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாததைச் சொல்ல ஆரும் அந்தச் சனத்தை இடிச்சுக்கொண்டு வரமாட்டினம். சொல்லுங்கோ.”

அவர் நிலத்தைப் பார்த்தார். நான் அவரைச் சுற்றிப் போய், என் வலது பக்கம் அவருக்கு நேரே வரும்படி நின்றேன்.

“இந்தப் பக்கம் நிண்டு சொல்லுங்கோ. இது நல்லாக் கேக்கும்.”

அவர் ஐயாத்துரையைப் பார்த்தார். சர்பத் வானைப் பார்த்தார். பிறகு மெல்லத் தொடங்கினார்.

“தங்கச்சி...”

ஐயாத்துரை கிளாசைக் கீழே வைத்தார். பொம்பிளை பார்க்க வந்த எவனும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டான். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் வெறும் விபரம்தான். முல்லைத்தீவுக் கரையில் ஒரு பிள்ளை இருக்கிறாளாம், ஆன்சலா என்று பெயராம், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளையாம். தாய்க்குத் தெரிந்தால் வீட்டில் பிரளயமாம். அதனால் பார்க்கிற பொம்பிளைகளிடம் தானே போய், உங்களுக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிடுங்கோ என்று கேட்பாராம்.

“அதைத்தான் உங்களிட்டையும் கேட்டனான். சொல்ல வேண்டியது சொல்லியாச்சு, பின்னாலை வராதேங்கோ எண்டியள். சரி, விளங்கிக்கொண்டா எண்டு நினைச்சன்.”

எனக்கு நொந்தது. பொய் ஏன், நொந்தது. அவரைப் பார்த்தே கொஞ்ச நேரம்தான், விருப்பம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் அம்மா பின்னிவிட்ட தலையும் மாம்பழ நிறச் சாறியும் இந்த வெயிலில் இழுபட்டதும் எல்லாம் இதற்காகவா என்று நினைக்க அழுகை வந்தது. அதோடு ஒரு ஆறுதலும் வந்தது. முதன்முதலாக ஒருவருக்கு நான் வேண்டாதவளாகப் போனதற்கு என் காது காரணமில்லை. அந்த ஆறுதலை இவர் என் கையிலிருந்து பறிக்கப் பார்க்கிறார்.

“நீங்கள் உதை எனக்குக் கேக்கிற மாதிரிக் கேட்டிருந்தால், நான் வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன். சத்தியமாச் சொல்லியிருப்பன். ஆனால் உங்கடை பொய்யை என்ரை காதிலை ஏத்தாதேங்கோ.”

“பிள்ளை, கொஞ்சம் யோசி” என்று ஐயாத்துரை இடையில் வந்தார். அவருக்குத் தன் தொழில் முக்கியம். “காதெண்டு சொன்னால் அவன்ரை வீட்டிலையும் சண்டையில்லை, எனக்கும் பேர் கெடாது. ஒருத்தருக்கும் நோகாமல் முடியும்.”

“ஒருத்தருக்கும் நோகாதோ அண்ணை?”

ஐயாத்துரை குடையை மற்ற அக்குளுக்கு மாற்றினார். தயாபரன், “பாவம், எங்கடை அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், அதுதான்...” என்று இழுத்தார். என் காது எப்படியும் கேட்காததுதானே, அதைச் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லையே என்றும் சொன்னார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என்னை விலக்கிக்கொண்டு அம்மா முன்னுக்கு வந்தார். அவ்வளவு நேரமும் தலையைக் குனிந்து நின்ற அம்மா. அந்தக் காதைப் பற்றி வீட்டுக்குள்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசுகிற அம்மா. கடைக்குப் போனாலும், பஸ்ஸில் ஏறினாலும், என் இடது பக்கத்தை மறைத்துக்கொண்டு இருக்கிற அம்மா.

“என்ரை பிள்ளைக்கு ஒரு காதுதான் தம்பி கேக்காது!” என்று கத்தினார். “உமக்கு வாயே இல்லையே?”

சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். வாசலால் வந்துகொண்டிருந்த சனம் நின்றது. அட்டை மாட்டிய பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். வேப்பமரத்தடியிலிருந்து சாரங்காவும் எழும்பி நின்று பார்த்தாள்.

அம்மா சனத்தின் பக்கம் திரும்பினார். “கேக்காது எண்டுதான் சொன்னனான்! இடது காது! ஆருக்குச் சொல்ல வேணும் இன்னும்?”

நான் அவர் தோளைப் பிடித்தேன்.

“அம்மா, எல்லாரும் பாக்கினம்” என்றேன்.

“பாக்கட்டும்” என்றார் அம்மா.